ஆறு பெட்டி நிலம்

எழுபத்தெட்டாம் வருஷம் இளைஞர்களுக்குக் காய்கறி வளர்ப்பு வகுப்பு நடத்தப்போவதாக டவுனில் இருந்த விவசாய ஆபீஸ் சொன்னதும், தேயிலை எஸ்டேட்டிலிருந்து முதல் ஆளாகப் போய் நின்றவள் கொழுந்து பறிக்கும் நவமணிதான். லயத்துப் பிள்ளைகள் ஐந்து பேரின் பெயரையும் தன் பெயரோடு பாரத்தில் எழுதியிருந்தாள்.

ஆபீசர் பாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நிலம்ங்கிற எடம் காலியா இருக்கேம்மா. சொந்தமா பயிர் பண்ண எடம் வேணும்லா. நாங்க அதப் பாத்துட்டுத்தான் சேத்துக்குவோம்."

நவமணிக்குச் சுருக்கென்றது. படுத்தெழும் லயத்து வீடே எஸ்டேட்டுடையது. அவள் நிலத்துக்கு எங்கே போவாள்? பாரத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

தேயிலை அடைக்கும் பலகைப் பெட்டிகளில் உடைந்துபோனவை ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தன. கணக்கெழுதும் கிராணியை நச்சரித்து ஆறு பெட்டிகளை வாங்கினாள். ஆறு பேரும் ஆளுக்கொன்றாக ஆணியடித்து, மண்ணும் கோழி எருவும் நிரப்பி, முட்டைக்கோஸ் நட்டார்கள். மழையில் இரண்டு தடவை நாற்று அழுகிப்போனது. மூன்றாவது தடவையும் நட்டார்கள்.

மறுவருஷம் பெயர் கொடுக்கும் நாளன்று எஸ்டேட் லோரி ஒன்று ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. வெளியே வந்த ஆபீசரிடம் நவமணி அதே பழைய பாரத்தை நீட்டினாள். காலியாக இருந்த இடத்தில் 'ஆறு பெட்டி' என்று எழுதியிருந்தது.

"நிலத்தப் பாக்கணும்னீங்களே சார். எறக்கி வைக்கவா, இல்ல ஏறிப் பாக்குறீங்களா?"