புருஷன் சொன்ன சாட்சி

வீட்டில் எனக்குச் சட்டப்புலி என்று பெயர். வைத்தவன் என் மச்சினன், என் மனைவியின் அண்ணன். கிண்டல்தான் என்று தெரிந்தும் நான் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தேன். லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்குச் சட்டம் எதற்கு என்று கேட்டால், கார் இடித்தது என் மனைவியை, உன் மனைவியை அல்ல என்று வாயை அடைத்துவிடுவேன்.

அவள் ஒரு பெரிய கடையில் கல்லாவில் இருந்தாள். வேலை முடிந்து வரும்போது, கடைக்கு எதிரே சாலையைக் கடக்கப் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டில் பாதி தூரம் போனவளை ஒரு கார் தூக்கி எறிந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "அந்தம்மாதான் திடீர்னு குறுக்க வந்தாங்க" என்று கார்க்காரர் கூசாமல் எழுதிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் நான் சட்டம் படிக்க ஆரம்பித்தேன். கோட்டில் கால் வைத்துவிட்டால் நடக்கிறவருக்குத்தான் முதல் உரிமை, வண்டிதான் நிற்க வேண்டும், மெதுவாக நடப்பது குற்றமே இல்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்த ஆட்களுக்குக்கூடக் கதவு திறக்கும்வரை வெளியே நின்று இதையெல்லாம் விளக்கியிருக்கிறேன். பாவம், அவர்களால் எங்கே ஓட முடியும்?

கடை வாசல் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்ததால் நஷ்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு தப்பை ஒத்துக்கொண்டது. நான் ஜெயித்துவிட்டதாகக் குதித்தேன். எங்கள் வக்கீலம்மா குதிக்கவில்லை.

"எலும்பு சேர்ந்துடுச்சு, நல்லா நடக்குறாங்க, அப்புறம் ஏன் வேலைய விட்டாங்கன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் இல்லைன்னா ஆஸ்பத்திரிச் செலவோட முடிச்சுடுவாங்க சார்."

அந்தப் பதில் என்னிடமும் இல்லை. கேட்கும்போதெல்லாம் என் மனைவி "முடியலைங்க" என்பாள். உட்கார்ந்து செய்யும் வேலையில் என்ன முடியவில்லை என்று நான் குரலை உயர்த்தினால், துணி ஊற வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விடுவாள். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"அங்க போய்க் கொஞ்சம் நொண்டு. நொண்டினா என்ன, குறைஞ்சா போயிடுவே?"

"நான் நொண்டலையேங்க" என்றாள்.

விசாரணை அறை ஒரு வகுப்பறை அளவுதான் இருக்கும். நடுவர் ஒரு பெண்மணி. அவருக்குக் கீழே தட்டச்சு செய்பவர். மரத்தடுப்புக்குள் என் மனைவி நின்றாள். நானும் மச்சினனும் பின் பெஞ்சில் இருந்தோம். உள்ளே போகும்போது அவள் கொஞ்சம்கூட நொண்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் சின்ன வயசுக்காரர், குரலில் வெண்ணெய் தடவியிருந்தார். "கடையில உங்கள வேலைய விட்டு அனுப்பினாங்களாம்மா?"

"இல்லைங்க. நானேதான் நின்னுட்டேன்."

"நடக்க முடியுது, உட்கார முடியுது, காசு எண்ண முடியுது. அப்புறம் என்னதான்மா முடியல?"

நான் பின்னாலிருந்து என் தொடையைத் தட்டித் தட்டிக் காட்டினேன், காலைச் சொல்லு, காலைச் சொல்லு என்று. அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொன்னாள்.

"கேக்கலம்மா" என்றார் நடுவர். "எழுதணும். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"ஒண்ணுக்கு அடக்க முடியலைங்க."

தட்டச்சு ஒரு நொடி நின்றுவிட்டு மறுபடி ஓடியது.

"கார் இடிச்சதுக்கு அப்புறம்தாங்க. தும்மினா வந்துடும், எழுந்தா வந்துடும். கல்லாவுல வரிசை நிக்கும்போது விட்டுட்டு ஓட முடியாது. ஒருநாள் நாற்காலியே நனைஞ்சிடுச்சு. பக்கத்துக் கல்லாப் பொண்ணு பார்த்துட்டா. அதோட நான் போகலை."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. மச்சினன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எந்த டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லைங்க. வெக்கமா இருந்துச்சு."

"வீட்டுல?"

"இல்லைங்க."

வக்கீல் நடுவரைப் பார்த்துச் சிரித்தார். "யார்கிட்டயும் சொல்லாத வியாதி, இன்னைக்குத்தான் முளைச்சிருக்கு."

வேறு நாளாக இருந்தால் யாருக்கு ஐயா காது குத்துகிறீர்கள் என்று எகிறியிருப்பேன்.

"டாக்டர் பரிசோதனைக்கு உத்தரவு போடறேன்" என்றார் நடுவர். "ஆனா இது எப்பலேருந்து இருக்குன்னு பரிசோதனை சொல்லாது. கணவர் வந்திருக்காரா?"

அவள் இறங்கினாள், நான் ஏறினேன். என்னைத் தாண்டிப் போனபோது அவளிடம் சோப்பு வாசனை அடித்தது.

எங்கள் வக்கீலம்மா கேட்டார். "உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா சார்?"

"துணி நிறையத் துவைப்பா" என்று மென்று முழுங்கினேன்.

எதிர்த்தரப்பு எழுந்தது. "எல்லார் வீட்டுலயும்தான் துவைக்கிறாங்க. ஒரே அறையிலதானே சார் படுக்கறீங்க?"

"இல்லைங்க. நான் ஹால்ல."

"எப்பலேருந்து?"

"அவ ஆஸ்பத்திரியிலேருந்து வந்த கொஞ்ச நாள்லேருந்து."

"ஏன்?"

"முதுகு வலிங்க. மெத்தை சரியில்ல."

என்னைக் கேட்காமலே வாய் சொல்லிவிட்டது. அவர் முகம் மலர்ந்தது. "அப்போ ஈரமோ நாத்தமோ எதுவும் உங்க கவனத்துக்கு வரலை. சரிதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். அவளைப் பார்த்தேன். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றே சொல்லிவிடுங்கள், பரவாயில்லை என்கிற மாதிரி. அத்தனை பேர் நடுவில் தன்னைத் திறந்து காட்டியவள், என்னை மட்டும் மூடிவைக்கப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வந்துச்சுங்க" என்றேன். "முதுகு வலின்னு சொன்னது பொய்."

"விவரமா சொல்லுங்க" என்றார் நடுவர்.

சொன்னேன். இந்த அறையில் மனுஷன் படுப்பானா என்று கேட்டது. ஒழுங்காகக் குளிக்கிறாயா இல்லையா என்று அவள் அண்ணன் எதிரிலேயே கேட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. உடம்புக்கு என்ன என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்காதது. புழுவாக நெளிந்தபடிதான் சொன்னேன், ஆனால் விடாமல் சொன்னேன்.

நடுவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அதைச் சுத்தமான தமிழில் தட்டச்சுக்காரருக்குச் சொல்லி, எனக்கு வாசித்தும் காட்டினார். "விபத்துக்குப் பின் என் மனைவியிடம் சிறுநீர் நாற்றம் இருந்தது. காரணத்தை நான் விசாரிக்கவில்லை. அவளைக் கடிந்து பேசி, வேறு இடத்தில் படுக்கத் தொடங்கினேன். சரிதானா?"

"சரிங்க" என்று கையெழுத்துப் போட்டேன்.

வெளியே நடையில் எங்கள் வக்கீலம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சார். உங்க சாட்சியாலதான் கேஸ் நின்னுச்சு. இப்படி ஒரு புருஷன் உண்மையைச் சொல்றது ரொம்ப அபூர்வம்." மச்சினன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சட்டப்புலி என்று கூப்பிட்டுத் தொலைத்திருக்கலாம்.

என் மனைவி பக்கத்தில் வந்தாள்.

"நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேங்க" என்றாள். அதை அவள் என்னிடம் சொல்லிவிட்டுப் போவது அதுதான் முதல் தடவை. இரண்டடி வைத்தவள் திரும்பி வந்து என் தோளில் தொங்கிய அவளுடைய பையைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"அதைக் குடுங்க. மாத்துத் துணி அதுலதான் இருக்கு."