கிரானைட்காரர் கொடுத்த வாசல்

ஒரு திங்கட்கிழமை காலை, கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு நாட்டின் பள்ளிக்கூடம், கிரானைட் கடைக்காரர் வீட்டு வாசல் வழியாக உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்தது. முன்னால் ஒரு டீச்சர், கையில் மணியும் சாக்பீஸ் டப்பாவும். பின்னால் உயர வரிசையில் பிள்ளைகள். அங்கே நல்ல மழை போலிருக்கிறது, எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். இங்கே தெருவில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கடைக்காரர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவருக்கு ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டு, கூடத்துச் சுவரில் அவர் ஆசை ஆசையாகப் பதித்திருந்த கறுப்புக் கல்லில் அன்றைய தேதியை எழுதினாள். லெதர் ஃபினிஷ் என்று கடையில் சொல்வார்களே, அந்தச் சொரசொரப்பான ரகம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கல்லின் அருமையை அவர் அளந்துகொண்டிருந்தாலும், அதில் சாக்பீஸ் இவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

இவரைத் தெருவில் பாலிஷ்காரர் என்பார்கள். தோளில் எந்நேரமும் ஒரு மஞ்சள் துணி கிடக்கும். எதன்மேல் கை வைத்தாலும் அடுத்த நொடி அதைத் துடைத்துவிடுவார், மனிதர்களிடம் கை குலுக்கினாலும் அப்படித்தான். காசு சேர்ந்தது, வீடு கட்டியாயிற்று, கார் வாங்கியாயிற்று. இனி பெயர் ஒன்றுதான் பாக்கி என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது, பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் அனாதை இல்லத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தே வியாபாரிகள் சங்கத் தலைவராகிவிட்டிருந்தார். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பாலிஷ்காரரின் கல்வித் தொண்டு. உள்ளூர்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தால் நாளைக்குக் கடை வாசலில் வந்து நிற்பார்கள், வேலை கேட்பார்கள், கல்யாணப் பத்திரிகை நீட்டுவார்கள். கடல் தாண்டிய பிள்ளைகள் என்றால் அந்தத் தொந்தரவு கிடையாது. நன்றியை மட்டும் போட்டோவில் அனுப்புவார்கள். இதை அவர் ஒளித்துப் பேசியதே இல்லை, புத்திசாலித்தனம் என்றே சொல்லிக்கொண்டார்.

அங்கே பள்ளிக்கூடம் கட்டும் வேலையைப் பார்த்து வரத் தன் மைத்துனனை அனுப்பினார். அவனுக்குப் பிழைப்பு என்று தனியாக எதுவும் இல்லை, அத்தான் சொல்வதற்குத் தலையாட்டுவதே பிழைப்பு. அங்கே ஒரு தகரக் கொட்டகையில் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் அகலமான படிகள், இரண்டு தூண்கள், வளைவு, இரட்டைக் கதவு என்று ஜோராக ஒரு முகப்பு எழுந்தது. நிலைக்கு மேலே பெயர்ப்பலகை. கறுப்புக் கல் ஒன்றில் ஒரே அச்சாக இரண்டு தடவை வெட்டச் சொல்லி, நடுவில் அறுத்து, ஒரு பாதியை அங்கே அனுப்பினார், மறுபாதியைத் தன் வீட்டு வாசலுக்கு மேலே திருகாணி போட்டு மாட்டிக்கொண்டார். கல்லை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. இரண்டு பாதியிலும் கல்வி வள்ளல் என்று போட்டு அவர் பெயர், கீழே இந்த வீட்டு முகவரி. வள்ளல் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை. எப்படியும் கொடுக்கப்போகிறார்கள், பிறகு ஒருமுறை கல்லைக் கழற்றி வெட்டுவது இரட்டை வேலை என்று முன்கூட்டியே வெட்டிவிட்டார்.

ஒரே கல், ஒரே எழுத்து, ஒரே முகவரி. ஒரு வாசலில் நுழைகிற பிள்ளைகள் இன்னொரு வாசலில் வந்து நின்றதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று தெருவில் அப்போதே பேசிக்கொண்டார்கள். பாலிஷ்காரர்தான் முதல் வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். கதவைப் பூட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்துக் கதவு திறந்திருந்ததால் பூட்டுக்கு மரியாதை இல்லாமல் போயிற்று. சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலைத் தாண்டுவார்கள். கடைசிக் காலடி இங்கே கேட்கும், செருப்பைத் தேடும் சத்தம் அங்கே கேட்கும். வீட்டுக்காரர்கள் அதே வாசலைத் தாண்டினால் வழக்கம்போல் தெருதான் வந்தது. யாரை எங்கே விட வேண்டும் என்பது கதவுக்குத் தெரிந்திருந்தது.

அவர் மனைவிக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். சோபா உறையில் சேற்றுக் கால் தடம், குளியலறையில் ஓயாமல் தண்ணீர்ச் சத்தம், அலங்காரத்துக்கு வைத்திருந்த பீங்கான் வாத்தின் கழுத்து முறிந்து கிடந்தது. டீச்சரின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போய், வெளியே காட்டி, உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று சைகை செய்தாள். டீச்சர் பதிலுக்கு ஒரு காகிதத்தில் படம் வரைந்தாள். படிகள், தூண்கள், வளைவு, கதவு. கதவுக்குப் பின்னால் ஒன்றுமே வரையவில்லை. காகிதத்தின் அந்தப் பாதியைத் தட்டித் தட்டிக் காட்டிவிட்டு, மேலே மழையை மட்டும் கோடு கோடாகப் போட்டாள்.

மைத்துனனை வரவழைத்தார்கள். அவன் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

“அத்தான், நீங்கதான சொன்னீங்க, வாசல் போதும்னு.”

“நான் எப்படா சொன்னேன்?”

“ரூம் எப்ப ஆரம்பிக்கட்டும்னு போன்ல கேட்டேன். ரூம் போட்டோவுல தெரியுமான்னு கேட்டீங்க. தெரியாதுன்னேன். அப்ப எதுக்குடா அதுன்னீங்க.”

“சரி, அந்தத் தகரக் கொட்டகை என்னாச்சு? அதுல உக்கார வேண்டியதுதான?” என்றாள் அக்கா.

மைத்துனன் கையைப் பிசைந்தான். “அது போட்டோவுல தெரிஞ்சுதுக்கா. பின்னாடி துரு துருவா அசிங்கமா இருக்கு, பிரிச்சு எறின்னு அத்தான்தான் சொன்னாரு.”

அந்தப் போட்டோ ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டுக் கடையில் மாட்டியிருந்தது. படிகளில் பிள்ளைகள் கைகூப்பி நிற்பார்கள். பின்னால் கதவு திறந்திருக்கும். கதவுக்குள்ளே ஆகாயமும் ஒரு ஆடும் தெரியும். வாடிக்கையாளர்கள் யாராவது கேட்டால், உள்ளே சுவரில் இயற்கைக் காட்சி வரைந்திருக்கிறார்கள் என்று பாலிஷ்காரர் சொல்லி வைத்திருந்தார்.

பாலிஷ்காரர் மனைவி அன்றிலிருந்து பிள்ளைகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். திட்ட வேறு ஆள் கிடைத்துவிட்டது. அவள் ஒன்றும் கருணைக் கடல் இல்லை. சேற்றுக் காலோடு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திக் குழாயடியில் கழுவ வைத்தாள், வாத்தை உடைத்தவனை ஒரு வாரம் முறைத்தாள். ஆனால் கூரையைப் பிரித்துப் போட்டவன் வீட்டுக் கூரைக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளை எழுந்து போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கணவனிடம் விஷயத்தைச் சுருக்கமாக வைத்தாள்.

“ஏங்க, ஒண்ணு அங்க நாலு ரூம் கட்டிக் குடுங்க. இல்ல, நம்ம வாசல்ல இருக்கற போர்டைக் கழட்டுங்க, பேர் இல்லன்னா இந்த வழி அடைஞ்சுடும். அதுகளும் வேற யாரையாவது நல்ல மனுஷனைப் பாத்துக் கேட்டுக்கும்.”

“ரூம் உள்ள இருக்கும். எவன் பாக்கப் போறான்?”

“அப்ப போர்டைக் கழட்டுங்க.”

“அடுத்த வெள்ளிக்கிழமை சங்கத்துக்காரங்க பட்டம் குடுக்க வீட்டுக்கு வராங்க. வாசல்ல பேர் இல்லாம எப்படி?”

“பேர் இல்லன்னா உங்களை அடையாளம் தெரியாதா அவங்களுக்கு?”

அடையாளம் தெரியாது என்பதுதான் பதில், அதை எப்படிச் சொல்வது? மனைவி திருப்புளியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள், ஸ்டூலைப் போட்டாள், பிடித்துக்கொண்டாள். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். பாலிஷ்காரர் ஏறினார். திருகாணிமேல் திருப்புளியை வைத்தார். கல்லில் அவர் பெயர் அவ்வளவு கிட்டத்தில், அவர் மூச்சுப் பட்டு மங்கியது. திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தோளிலிருந்த துணியை எடுத்து, எழுத்து எழுத்தாகத் துடைத்தார். வள்ளல் என்ற இடத்தில் புள்ளிகளுக்குள் சேர்ந்திருந்த தூசியை நகத்தால் எடுத்தார். பிறகு இறங்கி, ஸ்டூலையும் துடைத்துவிட்டு உள்ளே போனார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நின்று பார்த்தவர்கள் இது இப்படித்தான் ஆகும் என்று தெரிந்ததுபோல் கலைந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சங்கத் தலைவரான அந்தப் பெயிண்ட் கடைக்காரர் சால்வையோடும் பத்துப் பேரோடும் வந்தார். கூடம் முழுக்கப் பிள்ளைகள் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாலிஷ்காரர் இதையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிவிட்டிருந்தார். பாருங்கள், அங்கே படிக்க வைப்பதோடு நிற்காமல் சொந்த வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறேன் என்றார். தலைவர் உள்ளுக்குள் புகைந்துகொண்டே முன்பல் விழுந்த ஒரு சிறுமியிடம் குனிந்து, உன்னைப் படிக்க வைப்பது யார் என்று கேட்டார். பாலிஷ்காரர் மனைவிக்கு அதற்குள் பிள்ளைகளின் பேச்சு அரைகுறையாகப் பிடிபட்டிருந்தது. கேள்வியை மாற்றிச் சொன்னாள். சிறுமி எழுந்து வாசல் வரை நடந்து, மேலே கல்லைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்ன சொல்லுதும்மா பாப்பா?” என்றார் தலைவர்.

“அவர்தான்னு சொல்லுது. பாவம், செத்துப் போயிட்டாராம்.”

“யாரு?”

“போர்டுல இருக்கறவரு. கல்லுல பேர் வெட்டியிருந்தா செத்தவங்கன்னு அவங்க ஊர்ல அர்த்தமாம்.”

“அப்ப இவரு?” தலைவர் பாலிஷ்காரரைக் காட்டினார்.

சிறுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். தினமும் வாசலிலேயே நின்று, யார் வந்தாலும் உற்றுப் பார்த்து, கதவைத் துடைத்துக்கொண்டே இருப்பவர் யாராக இருக்க முடியும்?

“வாட்ச்மேனாம்” என்றாள் மனைவி. மொழிபெயர்ப்பில் அவள் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பாலிஷ்காரர் கல்லைக் காட்டினார், தன் நெஞ்சில் அடித்தார், மறுபடியும் கல்லைக் காட்டினார், மறுபடியும் நெஞ்சில் அடித்தார். பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். முதலாளி இறந்த துக்கத்தில் ஒரு மனிதன் இப்படி மாரில் அடித்துக்கொள்வதை அவர்கள் பார்த்ததில்லை. பல் விழுந்த சிறுமி தன் கைக்குட்டையை அவருக்குக் கொடுத்தாள். சற்றுப் பெரிய பையன் ஒருவன் அவர் முதுகைத் தடவிவிட்டான். அவர் கத்தக் கத்த, அவர்களுக்கும் கண் கலங்கியது.

சங்கத் தலைவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, இருமுவதுபோல் வெகுநேரம் குலுங்கினார். பிறகு, பிள்ளைகள் மனசு நோகக் கூடாது என்று சொல்லி, ஸ்டூலில் ஏறிச் சால்வையைக் கல்லின்மேல் போட்டார். பத்துப் பேரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அதில் கல் நன்றாக விழுந்திருந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த பாலிஷ்காரரின் கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

அதன்பிறகு வருடங்கள் சாதாரணமாகப் போயின. கூடம் போதாமல் மேல்வகுப்பு படுக்கையறைக்குப் போனது, பாலிஷ்காரரின் கட்டில் கடைக்குப் போனது. காட்சிக்கு வைத்திருந்த குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். போர்டைக் கழற்றும் பேச்சை மனைவியும் விட்டுவிட்டாள். அவர்கள் மொழி எழுத்துகளை டீச்சரிடமே கற்றுக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து பரீட்சை எழுதி, பூகோளத்தில் மட்டும் தேறவில்லை. இரண்டு நாடுகளும் ஒரே கூடத்தில் இருக்கும்போது நடுவில் இவ்வளவு கடல் எதற்கு வரைகிறீர்கள் என்று கேட்டதற்கு அவளுக்கு மதிப்பெண் கொடுக்கவில்லை. பல் விழுந்த சிறுமிக்குப் பல் முளைத்து, படித்து முடித்து, அவளே ஒருநாள் மணியும் சாக்பீஸ் டப்பாவுமாக வரிசைக்கு முன்னால் வந்தாள். அங்கே படிகளும் தூண்களும் பளபளவென்று அப்படியே நின்றன. கதவுக்குப் பின்னால் ஆடு மேய்ந்தது.

ஒவ்வொரு வருடமும் பள்ளி தொடங்கிய நாளில் பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று, கல்லுக்குப் பூப் போட்டு, மறைந்த வள்ளலுக்காகத் தலைகுனிந்து மௌனமாக நிற்பார்கள். வாட்ச்மேனையும் விட மாட்டார்கள், கையைப் பிடித்து இழுத்து வந்து ஓரத்தில் நிறுத்துவார்கள். முதல் வருடம் பாலிஷ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் சும்மா நின்றார். அதற்கடுத்து வந்த ஏதோ ஒரு வருடத்தில், யாரும் கூப்பிடாமலே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். மௌனம் முடிந்ததும், அந்தப் பக்கமாகப் போன புதுத் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, கல்லில் இருப்பவர் யார் என்று விசாரித்தார்.

“பெரிய மனுஷன்” என்றார் பாலிஷ்காரர், துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “கடைசி வரைக்கும் அவர்கிட்டதான் வேலை பாத்தேன். என்னைக் கண்டா மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.”

தபால்காரர் உச்சுக் கொட்டினார். உள்ளேயிருந்து மணி அடித்தது. பிந்தி வந்த இரண்டு பிள்ளைகள் அந்தப் பக்கத்து மழையில் ஓடி வருவது கேட்டு, பாலிஷ்காரர் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்தார். கால் துடைத்துவிட்டு வரும்படி அவர்களை அதட்டினார்.