சுரைக்கொடிக்காகக் கெஞ்சியது

…பெண் பூ இன்னும் வரவில்லை, அவ்வளவுதான், வந்ததெல்லாம் நீளக் காம்பு ஆண் பூக்கள், சுரையில் அவைதான் முதலில் வரும், ஆனால் இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது, தாவரவியல் படித்த வாய்க்கும் பெண் பூ என்று சொல்லக் கூசுகிறது… ஐப்பசி மழைக்கு முன்னால் கொல்லையில் சிமெண்ட் தளம் போட வேண்டுமாம், நாளைக் காலை மணல் லாரி வருகிறது, காய்க்காத பந்தல்தானே, பிரித்துவிடலாம் என்று காபி குடித்தபடி சொன்னார், யாரும் மறுக்கவில்லை, நானும்தான். கல்யாணமாகிப் பெரம்பலூர் வந்த தை மாதத்தில் இங்கே அவரை பூத்திருந்தது, சித்திரையில் தண்டுக்கீரை தவிர எல்லாம் கருகியது, ஆடிப்பெருக்கன்று என் கையால் ஊன்றிய முதல் விதை இது, ஆட்டுப்புழுக்கையை அள்ளி அள்ளி வைத்தேன், அதனால்தான் வெறும் இலையாகக் கொழுத்ததா… இருந்தாலும் என்ன அழகு, மற்ற பூக்கள் ஒடுங்கும் சாயங்காலத்தில் இது வெள்ளையாக விரிகிறது, பற்றுக்கம்பி காற்றில் துழாவித் துழாவிக் கயிற்றைக் கண்டுபிடித்துச் சுருண்டுகொள்கிறது, கண்ணில்லாமல் எப்படி…

லாவண்யா அக்கா வந்தாள், இந்த வீட்டின் மூத்த மருமகள், தா.பழூர்க்காரி, கையில் அருவாள். காய்க்காத மாமரத்துக்கு அவர்கள் ஊரில் செய்வதாம், ஒருத்தி வெட்டுவேன் என்று மிரட்ட வேண்டும், இன்னொருத்தி மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும், மரம் பயந்து காய்க்கும், அதையே கொடிக்குச் செய்தால் போலீசா பிடிக்கும் என்றாள். மாமனார் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார், அவர் நிற்கும் நேரம் பார்த்தா வந்தாள்… இந்தத் தைரியம் எந்தக் கடையில் கிடைக்கிறது.

"காய்க்கிறியா, வெட்டட்டுமாடி? நல்லா தின்னுட்டுப் படுத்துக் கெடக்க. நான் இப்படிப் படுத்திருந்தா எங்க அத்தை வுட்டுருக்குமா?"

இப்போது என் முறை. காய்த்துவிடும், விட்டுவிடு அக்கா என்று சொன்னால் போதும். அருவாளின் மழுங்கிய முதுகுதான் கொடியைப் பார்த்திருந்தது, விளையாட்டுதான், ஆனால் நாளைக்கு வருபவர்கள் முதுகால் வெட்ட மாட்டார்களே…

"வெட்டாதீங்க மாமா. இன்னும் பெண் பூ வரல. வந்துரும். காய்ச்சுரும்."

மாமா என்றா சொன்னேன்… குழாய் நின்றது. அக்கா சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்காமல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள், அவருக்கும் எனக்கும் நடுவில் இப்போது யாரும் இல்லை.

"அப்ப மணல எங்கம்மா கொட்டுறது?"

என்னைத்தான் கேட்கிறார், சாப்பிட்டாயா என்பதைத் தவிர இதுவரை எதுவும் கேட்காதவர்… வாசலிலா, சந்திலா, சந்துப் பக்கம் கை நீட்டுகிறேன்.