நிபந்தனையோடு கேட்டவன்

தத்துவத் துறையில் தர்க்கம் நடத்தும் அவனுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஆகவே'. மூச்சுக்கு முந்நூறு தடவை அந்தச் சொல்லைச் சொல்வான். மழை வருகிறது, ஆகவே குடை. பசிக்கிறது, ஆகவே கேன்டீன். இப்படியே படிப்படியாக ஏறி, போன வாரம் தன் வாழ்க்கையின் ஆகப் பெரிய முட்டாள்தனத்தின் உச்சியிலும் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

எதிர் அறைக்காரி அறிவுக் கோட்பாடு நடத்துபவள். ஒன்று நமக்குத் தெரியும் என்று எப்போது சொல்லலாம் என்பதுதான் அவள் பாடம். டீ சூடாக இருக்கிறது என்றால்கூட "எப்படித் தெரியும்?" என்று கேட்டு மடக்குவாள். அவளிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டு, வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் திரிந்தான் ஆகவே. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று வேலைக்குக் கூப்பிட்டதும்தான் பயல் விழித்துக்கொண்டான். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தபோது தைரியத்தையெல்லாம் திரட்டிச் சொல்லியேவிட்டான்.

"நீங்க சரின்னு சொன்னா, நான் இங்கேயே இருந்துடுவேன்."

அந்த நேரம் பார்த்து மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. அவள் குனிந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்து காகிதத்தை இழுத்தாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. எதுவும் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நடையைக் கட்டினான்.

சரி என்று சொல்லவில்லை, ஆகவே மாட்டேன் என்கிறாள். மாட்டேன் என்கிறாள், ஆகவே மூட்டையைக் கட்டவேண்டியதுதான். அக்கா போனில் தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை வாயைத் திறந்து கேட்டால் என்ன குறைந்துபோய்விடுவாய் என்று திட்டினாள். அதுதான் நிரூபணமாகிவிட்டதே, மறுபடி என்ன கேட்பது என்றான் இவன். இத்தனை படித்தவனுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு மடத்தனம் வந்ததோ! வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று இன்று மாலைக்குள் அவன் பதில் அனுப்பியாக வேண்டும்.

இன்று மதியம் பார்த்து அவளுடைய பேச்சு. தலைப்பு, 'பேசாத இயந்திரத்துக்கு என்ன தெரியும்?' கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது நம் ஆகவே. விதி என்று சொல்லமாட்டேன், துறையில் முறை வைத்துத் தலைமை தாங்குவார்கள், அவன் முறை வந்தது.

ஹால் நிறைந்திருந்தது. அவள் லேப்டாப்பைத் திரையோடு இணைத்தாள். கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஒன்று அதில் இருந்தது. அதற்கு அவள் போட்டிருந்த கட்டளை ஒன்றே ஒன்று: தெரியாததைப் பேசாதே. இந்த ஹாலுக்கு இரண்டு கதவு என்று எல்லோர் முன்னாலும் அதற்குத் தெரிவித்தாள். பிறகு, ஹாலுக்கு எத்தனை கதவு என்று கேட்டாள். திரை வெறுமையாக இருந்தது. மறுபடி கேட்டாள். ஊமை மாதிரி அப்படியே இருந்தது.

கேள்வி நேரம் வந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுக் கேள்வி என்றால் கையைத் தூக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியைத் தொடர வேண்டுமென்றால் ஒரு விரலைத் தூக்கினால் போதும், விரலுக்குத்தான் முதல் இடம்.

கம்ப்யூட்டர் துறைக்காரர் கையைத் தூக்கினார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பேசவில்லை என்றால் தெரியவில்லை என்றுதானே பொருள் என்றார். நம் ஆகவேயும் தன்னையறியாமல் தலையாட்டினான்.

அதை அவள் பார்த்துவிட்டாள். திரும்பி, "தெரிஞ்சதைச் சொல்லு" என்று ஒரு வரி தட்டினாள். உடனே திரையில் 'இரண்டு' என்று வந்தது. ஹால் சிரித்தது.

"தெரியாததைப் பேசாதேன்னு சொன்னேன். தெரிஞ்சதையெல்லாம் பேசுன்னு சொல்லலையே," என்றாள் அவள். "பேசலை, அதனால தெரியலைன்னு முடிவு கட்டுறது முதல் வருஷப் பிள்ளைங்க செய்யற தப்பு. சில தர்க்க வாத்தியாருங்களும் செய்யறாங்க."

அது தனக்குத்தான் என்று அவனுக்குப் புரிந்தது. தலைமை தாங்குபவர் கேள்வி கேட்பதில்லை. ஆனாலும் அவன் விரல் தானாக எழுந்தது. அந்த விரலைப் பார்த்து, தனக்குத்தானே அனுமதி கொடுத்து, மைக்கை இழுத்தான். பேசாமல் இருப்பதன் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவன் எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று கேட்டான். குரல் அவனுடையதாகவே இல்லை.

"கேக்கணும் சார். நீ அப்படின்னா நான் இப்படின்னு நிபந்தனை சொல்லிட்டு நிக்கக் கூடாது. அது கேள்வியே இல்லை. அதுக்கு என்ன பதில் சொல்றது? வாக்கியம் சரியா இருக்குன்னு வேணா ஒத்துக்கலாம். பக்கத்துல மெஷின்ல பேப்பர் வேற சிக்கியிருக்கு."

கம்ப்யூட்டர் துறைக்காரர், எந்த மெஷின் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் விழித்துக்கொண்டார்.

ஆகவேக்குக் காது இரண்டும் கொதித்தது. ஒரு வாரமாகக் கட்டி வைத்திருந்த நிரூபணம் பொலபொலவென்று உதிர்ந்தது. வெட்கப்பட வேண்டிய இடம்தான், ஆனால் அவனுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவன் எழுந்து நின்றான்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

மைக் அணைக்கப்படவில்லை என்பது அதன் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவள் லேப்டாப்பை மூடினாள். அவனை மட்டும் பார்த்தாள்.

"நீங்க இங்க இருந்தாலும் சரி, அங்க போனாலும் சரி, பண்ணிக்கிறேன்."

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேச்சாளருக்கு நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்து வைப்பது தலைவரின் கடமை. ஆகவே மைக்கருகே குனிந்தான். நன்றி வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அடக்கப் பார்த்தான், அது இன்னும் பீறிட்டது. அவளும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூட்டம் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.