பெட்ஷீட்டின் மறுமுனை

அந்த ஹோட்டல் சலவைக்கூடத்தில் அண்ணியும் நாத்தனாரும் பெட்ஷீட் மடிப்பதை ஒருமுறை பார்த்தவர்கள், பிறகு சர்க்கஸுக்குப் போனால் கொட்டாவி விடுவார்கள். ஆளுக்கு இரண்டு மூலை. ஒரே உதறு. கப்பல் பாயாய்ப் புடைக்கும் விரிப்பின் காற்றில், அடுத்த அறையில் மேனேஜரின் தலைமுடி கலையும். இருவரும் மடித்துக்கொண்டே நடுவில் வந்து சேர்வதற்குள் ஊர்வம்பு ஒன்று அலசிப் பிழிந்து காயப்போடப்பட்டிருக்கும்.

நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டே அண்ணி அங்கே எல்லோருக்கும் அண்ணியாகிவிட்டாள். நாத்தனாருக்குப் புயல் என்று பெயர். காரணத்தை அவளிடம் யாரும் கேட்டதில்லை, தைரியமில்லை.

ஆட்குறைப்பு வந்தது. புயலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அவங்க ஷிப்ட்டையும் நீங்களே பாத்துக்கறீங்களா?" என்றார் மேனேஜர். அண்ணி யோசிப்பதற்குள் தலை ஆடிவிட்டது.

இருவரும் இருப்பதோ ஒரே வீடு. புயல் சண்டை போட்டிருந்தால் அண்ணி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவள் பேசவே இல்லை. அந்த அமைதியில் பக்கத்து வீட்டுக் கடிகாரம் ஓடுவது காதைத் துளைத்தது. நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன் குளியலறைக்குள் புகுந்து, அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுக்கும்வரை குளித்தார்.

அண்ணி தாங்காமல் வாயைத் திறந்துவிட்டாள். "நான் வேணாம்னு சொல்லியிருந்தா அந்த ஷிப்ட்டை வேற யாராவது எடுத்திருப்பாங்கடி!"

"எடுக்கட்டுமே. அவங்க யாரும் என் அண்ணி இல்லையே."



மறுநாள் வேலையில், "அடியே, சங்கதி தெரியுமா?" என்று விரிப்பை உதறிய அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கதவுதான் நின்றது. மறுமுனையை அதன் கைப்பிடியில்தானே கட்டியிருந்தாள்! அந்தக் கதவிடம் வம்பும் எடுபடவில்லை, மடிப்பும் நேராக வரவில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜர் கதவைத் திறந்தார். விரிப்பு மொத்தமும் அவர்மேல் கவிழ்ந்தது.

"சார், இந்த ஷிப்ட் எனக்கு வேணாம். இது அவளோடது," என்றாள் அண்ணி, விரிப்புக்குள் இருந்தவரிடம்.

"அப்புறம் உங்க வேலைக்கும் நான் பொறுப்பில்ல!"

அண்ணி இந்த முறை நன்றாக யோசித்துவிட்டு, "சரி சார், போனா போகட்டும்," என்றாள்.

மேனேஜர் இஸ்திரிக்காரரைப் பிடித்தார். "அந்த ஷிப்ட்டை நீங்க பாருங்க."

"இடுப்பு பிடிச்சிருக்கு சார்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க கேட்டதுலேர்ந்து."

வேன் டிரைவருக்குத் தோள்வலி. சோப்பு கலக்கும் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போச்சு. அரைமணி நேரத்தில் சலவைக்கூடமே ஆஸ்பத்திரியாகிவிட்டது.

கடைசியில் மேனேஜரே மறுமுனையைப் பிடித்தார். எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் பாய்ந்து வந்து அண்ணியின் தலையில் முட்டினார். புடைத்தது அவர் நெற்றிதான். மடிக்காத துணிமலை மின்விசிறியைத் தொட்டு நிறுத்தியது. மாடியில் விருந்தாளிகள் ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். சாயங்காலம், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மேனேஜர் புயலுக்கு போன் போட்டு, நடந்ததெல்லாம் சொல்லி வேலைக்குக் கூப்பிட்டார்.

காலையில் வந்தவள் நேராக எதிரே நின்று இரண்டு மூலைகளைப் பிடித்தாள். புயல் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தாள். அண்ணி பறந்துபோய் அவள்மேலேயே விழுந்தாள்.

"எதுக்குடி இது?"

"அன்னிக்குத் தலை ஆட்டினீங்களே, அதுக்கு," என்றாள் புயல், சிரிப்பை அடக்க முடியாமல். "சரி, எழுந்து மூலையைப் பிடிங்க. ஏதோ சங்கதின்னு கதவுகிட்ட சொன்னீங்களாமே, என்ன அது?"