குறை என்று பார்த்தால்

உலக விவகாரங்களை அலசுவதற்கு எங்கள் டயாலிசிஸ் வார்டைப் போல வசதியான இடம் வேறு கிடையாது. கையில் இரண்டு ஊசியைக் குத்தி, ரத்தத்தைக் குழாய் வழியாக மெஷினுக்கு அனுப்பிவிட்டால் நாலு மணி நேரம் யாரும் எழுந்து போக முடியாது. கருத்துச் சொல்பவனும் தப்ப முடியாது, கேட்பவனும் தப்ப முடியாது. எதிர்ச் சுவரில் ஒரு டிவி. ரிமோட் எப்போதோ காணாமல் போய்விட்டதால் அதில் ஒரே ஒரு செய்திச் சேனல் மட்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும்.

காலை ஷிஃப்டில் நாங்கள் நாலு பேர். முதல் கட்டில் பிரிகேடியர். அவருக்கும் ராணுவத்துக்கும் உள்ள சம்பந்தம், எந்தக் காலத்திலோ ஒரு முகாம் கேன்டீனுக்குக் குடை சப்ளை செய்தது மட்டும்தான். குடைக்கடைக்காரர். ஆனால் உலகத்தில் உள்ள ஏவுகணைகளை எல்லாம் ஒன்றுவிட்ட தம்பி பிள்ளைகளைப் போலப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கிண்டலுக்காக அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் பக்கத்துக் கட்டில் கண்டக்டர். குடைக்கடைக்காரர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

கண்டக்டர் எதிர்க்கட்சி. விமானம், டாங்கி எல்லாம் பழைய இரும்பு, எடைக்குப் போட வேண்டியது, இனிமேல் ட்ரோனும் ஏஐயும்தான் என்பது அவர் கொள்கை. மூன்றாவது கட்டில், ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி டீச்சர். நாலாவது நான். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறேன். எல்லாரும் நன்றாக இருக்கட்டும் என்பதற்கு மேல் எனக்குக் கருத்து ஏதும் இல்லை.

ஆள் நாலு. ஓடிய மெஷின் மூன்று. நாலாவது மெஷினில் ஏதோ ஒரு போர்டு கருகிப்போய், அது மூலையில் சும்மா நின்றது. அதனால் சுற்று முறை. ஒவ்வொரு தடவையும் எங்களில் ஒருவர் வெளியே. மற்றவர்கள் யோசிக்காமல் ஒரு நிமிஷத்தில் பாத்ரூமில் விட்டுவிட்டு வரும் நீர், எங்களுக்கு ஒரு முறை தவறினால் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். ஏற்கெனவே இதயம் பலவீனமான பிரிகேடியருக்கு இது எங்களைவிடக் கடுமையாக இருந்தது. செருப்பின் வாரை அவிழ்த்து விட்டுக்கொண்டு நடந்தார்.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். கணவருக்கு ஊசி குத்தியதும் அண்ணி நேராக சூப்பரிண்டெண்ட் அறைக்குப் போவார். போர்டு எப்போது வரும் என்று கேட்பார். "மேல எழுதியிருக்கோம்மா" என்று பதில் வரும். மேலே என்றால் எந்த மாடி என்று அண்ணி ஒருநாள் படியேறிப் பார்த்தே விட்டார். தண்ணீர்த் தொட்டிதான் இருந்ததாம்.

உள்ளே போர் நடந்துகொண்டிருக்கும்.

"உன் ட்ரோனெல்லாம் ஒரு காக்கா கொத்துனா விழுந்துரும்யா" என்பார் பிரிகேடியர்.

"உன் விமானம் ஒரு தடவ மேல போயிட்டு எறங்குற செலவுல, நான் வானத்தையே மறைக்கிற அளவுக்கு ட்ரோன் வாங்குவேன்."

"செலவு கணக்கு பாக்குறவன் நாட்டக் காப்பாத்த முடியாது. வயித்தக் கட்டியாவது வாங்கணும்."

"யார் வயித்த?" டீச்சர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பொதுவாச் சொன்னேன் டீச்சர்."

"நமக்குக் குடிக்கிற தண்ணியே டம்ளர்ல அளந்துதான். இன்னும் எதக் கட்டுறதுன்னு கேட்டேன்."

பிரிகேடியர் அசரவில்லை. "வான்பாதுகாப்புன்னா என்னன்னு நெனச்சீங்க? நாட்டுக்கே ஒரு குடை!"

"உங்க கடைல ஒண்ணு வாங்கினேன் சார்" என்றார் ரத்த அழுத்தம் பார்க்க வந்த சிஸ்டர். "மொத காத்துக்கே திரும்பிக்கிச்சு. பேச்சக் கொறைங்க, பிரஷர் ஏறுது. டிவில சண்ட போட்ட அந்த ரெண்டு நாட்டுக்காரனும் சமாதானமாப் போயிட்டான், நீங்கதான் விடமாட்டேங்கிறீங்க."

இப்படியாக நாங்கள் பட்ஜெட் நாளுக்கு வந்து சேர்ந்தோம். ராணுவத்துக்கு இதுவரை இல்லாத ஒதுக்கீடு என்று காலையிலிருந்தே டிவி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் ஒரு வரி வந்தது. அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். அன்று வெளியே இருக்கும் முறை என்னுடையது. இருந்தாலும் வந்து, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் உட்கார்ந்து வீங்குவதற்கு இங்கே உட்கார்ந்து வீங்கினால் பேச்சுத் துணையாவது உண்டு.

அப்போது சூப்பரிண்டெண்ட் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அதே சேனலிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். பட்ஜெட்டைப் பற்றி நோயாளிகளின் கருத்து. முடி வெட்டிக்கொள்ள நேரமில்லாத வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. இருந்த நேரத்தில் செய்யக்கூடியதைச் செய்தார்: ஓடாத மெஷின் மேல் பச்சைத் துணி ஒன்றைப் போர்த்தி, அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பார்ப்பதற்கு அமைச்சர் திறந்துவைக்கப்போகும் சிலையைப் போல இருந்தது.

அண்ணி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சூப்பரிண்டெண்ட் வெளியே போனதும் கட்டிலருகே குனிந்தார்.

"என்னங்க, டிவில கேட்டா மேல இருக்கறவங்க காதுலயும் விழும். வேற ஒண்ணும் பேசவேணாம். நாலாவது மெஷின் ஓடல, ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் வெளிய நிக்கிறோம், சரி பண்ணிக் குடுங்க. அவ்ளோதான். சொல்லுங்க பாப்போம்."

"நாலாவது மெஷின் ஓடல. ஒருத்தர் வெளிய நிக்கிறோம். சரி பண்ணிக் குடுங்க."

"இன்னொரு தடவ."

"என்னடி, நான் என்ன ஸ்கூல் புள்ளையா?"

"ஸ்கூல் புள்ளையா இருந்தா எனக்கு என்ன பயம்?"

பிரிகேடியர் இன்னொரு தடவை சொன்னார். அண்ணி தன் சீப்பால் அவருக்குத் தலை வாரிவிட்டார். கண்டக்டர், "எனக்கும் கொஞ்சம் வாரிவிடுங்கம்மா" என்று வழுக்கையைத் தடவினார்.

நிருபர் சின்னப் பெண். கேமராக்காரர் விளக்கைப் போட்டதும், எங்கள் நிறத்தைப் பார்த்து எங்களுக்கே பயமாக இருந்தது. மைக் முதல் கட்டிலுக்குப் போனது.

"ஐயா, ராணுவத்துக்கு ஒதுக்கீடு கூடியிருக்கு. ஒரு சாதாரணக் குடிமகனா இத எப்படிப் பாக்குறீங்க?"

'சாதாரண' என்ற சொல் பிரிகேடியரை எங்கேயோ கிள்ளியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். அண்ணி உதட்டை மட்டும் அசைத்தார். நாலாவது மெஷின்.

நிருபர் நல்ல பெண்தான். அவளே பாதையைப் போட்டுக் கொடுத்தாள். "இங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க. ஏதாவது குறை இருக்கா ஐயா?"

பிரிகேடியர் மூச்சை இழுத்தார். இழுக்கவே சிரமப்பட்டார்.

"குறைன்னு பாத்தா ஒண்ணு இருக்கும்மா."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். சூப்பரிண்டெண்ட் பூந்தொட்டியைப் பார்த்தார்.

"நம்மகிட்ட அஞ்சாம் தலைமுறைப் போர் விமானம் இல்ல."

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ரேடாரில் படாமல் பறப்பது எப்படி, எஞ்சினை நாமே செய்யாவிட்டால் வரும் ஆபத்து என்ன, எதிரி எந்தத் திசையில் வருவான் என்று ஊசி குத்தாத கையால் வானத்தில் படம் போட்டுக் காட்டினார். மூச்சு அறுந்து அறுந்து வந்தது. அதுவே அவர் பேச்சுக்கு ஒரு உணர்ச்சிப் பெருக்கைக் கொடுத்தது. அடுத்த கட்டிலிலிருந்து கண்டக்டர், "அதெல்லாம் பழைய கதைம்மா, ட்ரோன் பத்தி என்கிட்ட கேளுங்க!" என்று கத்தினார். கேமரா சந்தோஷமாக இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி எடுத்தது.

கடைசியாக மைக் டீச்சரிடம் வந்தது. டீச்சர் வகுப்பில் சொல்வதைப் போல நிதானமாக, நாலாவது மெஷின் ஓடவில்லை, பச்சைத் துணிக்குக் கீழே இருப்பது அதுதான், தொட்டியில் இருப்பது பிளாஸ்டிக் பூ என்று மூன்றையும் சொன்னார். "ரொம்ப நன்றி மேடம்" என்றாள் அந்தப் பெண்.

அவர்கள் போனதும் அண்ணி சீப்பைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அடுத்த முறை நாங்கள் வந்தபோது அந்தப் பேட்டி திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. பிரிகேடியர் முழுதாக வந்தார், கீழே 'பாதுகாப்பு நோக்கர்' என்ற பட்டத்தோடு. அவர் விமானம் வேண்டும் என்று முடிக்கும் இடத்தில் டீச்சர் பலமாகத் தலையாட்டுவது காட்டப்பட்டது. சிஸ்டர் 'ஊசி வலிக்குதா' என்று கேட்டபோது ஆட்டிய தலை அது. டீச்சர் பேசிய பேச்சைக் காணோம்.

"வாழ்நாள்ல மொத தடவ ஒரு போர் விமானத்துக்குச் சிபாரிசு பண்ணியிருக்கேன்" என்றார் டீச்சர்.

அன்று வெளியே இருக்கும் முறை பிரிகேடியருடையது. ஆனாலும் வந்திருந்தார். டிவியில் தன்னைத் தன் சகாக்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார். அண்ணி வழக்கம்போல சூப்பரிண்டெண்ட் அறைக்குப் போயிருந்தார். மருமகன் வெளியூரிலிருந்து போன் செய்தானாம், வாழ்நாளில் முதல்முறையாக 'மாமா' என்று வாய் நிறையக் கூப்பிட்டானாம். பிரிகேடியர் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவில்லை. கணுக்கால் இரண்டும் தலையணைபோல் இருந்தன.

நான் மெஷினில் படுத்தபடியே கேட்டேன். "ஏண்ணே, அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "எத்தன பேர் பாக்குறான் தெரியுமா தம்பி அத? அத்தன பேருக்கு முன்னாடி எனக்கு மூத்திரம் வரல, மெஷின் குடுங்கன்னா சொல்லச் சொல்ற?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இத்தன வருஷம் மழ வருமா வராதான்னு மட்டும்தான் ஜனம் என்கிட்ட கேட்டுச்சு. இப்பதான் நாட்டப் பத்திக் கேட்டாங்க."

கண்டக்டருக்கு இன்னும் ஊசி குத்தவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"யோவ் பிரிகேடியர், மூச்சு வாங்குற வாங்குல டிவி சத்தமே கேக்கல. என் முறைய எடுத்துக்கோ. அடுத்த தடவ நான் பாத்துக்கிறேன்."

"படி ஏறினதுல வர்ற மூச்சுய்யா."

"பரவால்ல, வந்து படு."

"ட்ரோன்காரன் தயவுல படுக்கவா? வரலாறு சும்மா விடுமா என்ன?" என்று சொல்லி அவரே ரசித்துச் சிரித்தார். சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, அவருக்குப் போடு" என்று பிரிகேடியர் கையை வீசினார். சிஸ்டர் கண்டக்டருக்கு ஊசியைக் குத்தினார். டிவியில் மறுபடியும் பிரிகேடியர் முகம் வந்தது. எங்களை அமைதியாக இருக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தவாக்கில் மூச்சுத் திணறி, ஆட்டோவில் ஏற்றுவதற்குள் போய்விட்டார். நுரையீரலெல்லாம் தண்ணீர் என்றார்கள். குடைக்கடைக்காரர் நனைந்துபோய்ச் செத்தார் என்று பிரஸ்ஸில் யாரோ சொன்னார்கள். சிரிப்பு வந்தது, பிறகு ரொம்ப நேரம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

அதற்கடுத்த முறை சூப்பரிண்டெண்ட் வார்டுக்கு வந்தார். அனுதாபத்தோடு கொஞ்ச நேரம் நின்றார். கட்டிலில் இருந்த ஆட்களை எண்ணினார். ஓடும் மெஷின்களை எண்ணினார். மூன்றுக்கு மூன்று.

"இனிமே சுற்று முறை வேணாம், என்ன? எல்லாரும் எல்லா தடவையும் வரலாம்" என்றார். தான் வாங்கிக் கொடுத்த மாதிரி ஒரு பெருமிதம். மேலே எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். பச்சைத் துணியை யாரும் எடுக்கவில்லை. தொட்டியையும்தான்.

டிவியில் யாரோ ஒரு நிபுணர் ட்ரோன்களைப் புகழ்ந்துகொண்டிருந்தார். கண்டக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "போடா, காக்கா கொத்துனா விழுந்துரும்" என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணி வந்தார். வீட்டில் மிஞ்சியிருந்த மாத்திரைகள், கையில் சுற்றும் கட்டுத்துணிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார், யாருக்காவது உதவும் என்று. சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது டிவியில் எல்லைப் பதற்றம் என்று சிவப்பு எழுத்து ஓடியது. தொடர்ந்து, 'மக்கள் என்ன சொல்கிறார்கள்' என்று பழைய துண்டுகளை எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். முதல் துண்டே அவர். வாரிய தலை. வகிடு நேராக இருந்தது.

டீச்சர் பதறி, "சிஸ்டர், அந்த ஒயரப் பிடுங்கு!" என்றார்.

"வேணாம் டீச்சர், இருக்கட்டும்" என்றார் அண்ணி.

கதவருகிலேயே நின்றார். நிருபர் பெண் குறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவர் சிரமப்பட்டு மூச்சை இழுத்தார்.

"குறைன்னு பாத்தா ஒண்ணு இருக்கும்மா."

அண்ணி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்து மெதுவாக உதட்டை அசைத்தார். நாலாவது மெஷின்.