சும்மா கொடுத்த பெட்டிகள்

மண்ணூர்பேட்டையில் கிறிஸ்துராஜ் வீட்டுக் கொல்லைக்குள் ஒரு கார் போனால் கிலோக் கணக்கில்தான் வெளியே வரும். ஏலத்தில் எடுத்த பழைய அம்பாசிடரை அவனும் மனைவி ஜெயசீலியும் சேர்ந்து பிரிப்பார்கள். இரும்பு பக்கத்துத் தொழிற்பேட்டை உலைக்குப் போகும், செம்பும் பித்தளையும் வியாபாரிக்குப் போகும். பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தைக் கொல்லையிலேயே சட்டியில் உருக்கிக் கட்டியாக்குவார்கள். மிஞ்சுவது கறுப்பு ரப்பர் பெட்டி மட்டும். அதை வாங்க ஆள் கிடையாது.

வாங்காவிட்டால் என்ன, நன்றாக எரியுமே! இரண்டு துண்டு அடுப்பில் போட்டால் ஓர் அண்டா வெந்நீர் கொதித்துவிடும். ரேஷன் கிருஷ்ணாயிலுக்கு வரிசையில் நின்று சண்டை போட்ட காலம் அது. கிறிஸ்துராஜுக்கோ தாராள மனசு. சந்தில் எல்லா வீட்டுக்கும் சாக்குச் சாக்காகச் சும்மாவே கொடுத்தான். தானம் கொடுத்த மாட்டை யார் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்? மகராசன் என்றார்கள்.

அவனுடைய ஒரே மகள் அருள்செல்விக்கு ஐந்து வயது. முதலில் வயிற்றுவலி என்று சுருண்டாள். பிறகு மனப்பாடமாய்ச் சொன்ன ஜெபத்தை மறந்தாள். ஒரு ஞாயிறு பூசையில் வலிப்பு வந்து பெஞ்சுக்கடியில் விழுந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "வீட்டுல ஈயம் உருக்குறீங்களா?" என்றார். பிறகு, "அடுப்புல என்ன எரிக்கிறீங்க?" என்றும் கேட்டார். ஜெயசீலி சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அந்தப் பெட்டியில ஊறின ஈயம் புகையோட வருதும்மா. ரத்தத்துல இருக்குற ஈயத்தை இந்தத் தடவை ஊசி போட்டு இறக்கிடலாம். மறுபடி அந்தப் புகை பட்டா குழந்தையோட மூளை தாங்காது."

பிள்ளையைக் கொஞ்ச நாள் வேறெங்காவது வைக்கலாமென்றால், வலிப்பு என்று கேட்டதுமே சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எல்லாரும் கோயிலில் முன்வரிசைக்காரர்கள்தான்!

பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியதும் கிறிஸ்துராஜ் உருக்கும் சட்டியைக் கவிழ்த்தான். கொல்லையில் கிடந்த பெட்டிகளைக் குழி தோண்டிப் புதைத்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் புகை ஓட்டு இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தாயம்மாள் வாசலில் போய் நின்றான்.

"இன்னா கிறிஸ்து, டப்பாவுக்கு வெல ஏறிச்சா? திருப்பிக் கேக்க வந்துட்டியா?"

"வெல இல்லக்கா, அது வெசம். எம் பொண்ணுக்கு அதாலதான் வலிப்பு."

"வெசமா? அப்ப எங்க ஊட்டுக்கு ஏன் குட்த்த?"

கூனிக் குறுகிப்போனான். "தெரியாம குட்த்துட்டேன்க்கா. உங்கால்ல உழறேன். ஒண்ணுகூட ஊட்டுல வெக்காதீங்க. எல்லாத்தையும் தெருமுனையில போட்டுடுங்க. காலையில நான் வண்டியில அள்ளிகினு போயி பொதைச்சிடறேன்."

தாயம்மாள் தன் பேரன் முகத்தைப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே வீடு வீடாகப் போனாள். பொழுது சாய்வதற்குள் சந்தில் ஒரு துண்டு மிச்சமில்லாமல் முனையில் குவிந்துவிட்டது. அன்று எந்த அடுப்பிலும் அந்தப் புகை இல்லை. ஜெயசீலி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். வெகுநாள் கழித்து மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

விடியுமுன் மேளச் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே புகை உள்ளே வந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவனுக்கு மார்கழி முடிந்தது எங்கே தெரியும்? போகியன்று முனையில் குவித்து வைத்த பழையதை யாராவது விட்டுவைப்பார்களா?

அருள்செல்வியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஜெயசீலி வெளியே ஓட, கிறிஸ்துராஜும் பின்னால் ஓடினான். அந்தச் சந்துக்கு முனையைத் தவிர வேறு வழியில்லை. அங்கே பெட்டி மலை முழுதும் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பிள்ளைகள் கொட்டடித்துக்கொண்டிருந்தார்கள். தாயம்மாள் சந்தோஷமாகக் கத்தினாள்.

"வண்டியெல்லாம் வாணாம் கிறிஸ்து! அந்த வெசத்த மொத்தமா கொளுத்திட்டோம்!"

கிறிஸ்துராஜுக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. முனையில் போடச் சொன்னவன் அவன்தானே; புகைதான் விஷம் என்று சொல்லாமல் விட்டவனும் அவன்தான்.

பொங்கலன்று சாயங்காலம் மறுபடி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அருள்செல்வியை உயிரோடுதான் கொண்டுவந்தார்கள். சோறு ஊட்டினால் விழுங்குவாள். ஜெயசீலி தினமும் அவள் முன்னால் உட்கார்ந்து, "அம்மா சொல்லு, அம்மா" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.